நாலு மருந்து, ஒரே உடம்பு

மனச்சோர்வு மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும்? மைசூரு தேவராஜ மொஹல்லாவிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

சயாஜி ராவ் சாலையில் தேவராஜ மார்க்கெட்டைத் தாண்டி நடந்தால் மல்லிகை வாசம் மெல்ல விலகும், மருந்து வாசம் வரும். ஊர்க்காரர்கள் ‘தொட்டாஸ்பத்ரே’ என்று சொல்லும் கே.ஆர். ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் பெரியாஸ்பத்திரி. அதை ஒட்டி மைசூரு மருத்துவக் கல்லூரி. 1924-ல் பெங்களூரில் தொடங்கி 1930-ல் இங்கே இடம் மாறி வந்தது. பக்கத்திலேயே ஆயுர்வேதக் கல்லூரி. ஒரு சாலைக்குத் தன்வந்திரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இத்தனை வைத்தியம் கூடியிருக்கும் இடத்தில் மருந்துக்கடைகளுக்கும் குறைவிருக்காது.

அப்படியொரு கடையின் முன் மாலை ஆறு மணிக்கு ஒரு அம்மா நிற்பதாக வைத்துக்கொள்வோம். அறுபதை நெருங்கும் வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. உள்ளங்கால் எரிகிறது என்றதும் சர்க்கரை டாக்டர் ‘நரம்பு மாத்திரை’ எழுதிக் கொடுத்தார். முட்டிவலிக்கு எலும்பு டாக்டர் ஒரு வலி மாத்திரை கொடுத்தார். கணவர் போன பிறகு தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை. மகன் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான். அங்கே ஒரு மாத்திரை தொடங்கி, போன வாரம் அதன் அளவையும் கூட்டினார்கள். இன்றைக்குச் சளி இருமல். அதற்குச் சீட்டெல்லாம் வேண்டாமென்று கடையிலேயே ஒரு சிரப் கேட்கிறார்.

நாலு மருந்து, நாலு இடம். எழுதிய மூன்று டாக்டர்களும் தங்கள் அளவில் சரியாகத்தான் எழுதினார்கள். இப்போது சீட்டுகளுக்குள் பார்ப்போம். மனநல மருத்துவர் கொடுத்தது எஸ்சிட்டலோபிராம். அது செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை நரம்புச் சந்திப்புகளில் கூடுதல் நேரம் தங்க வைக்கும். நரம்பு மாத்திரை என்று அவர் நம்பி விழுங்குவது பிரிகாபலினும் நார்டிரிப்டிலினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. நார்டிரிப்டிலின் சுத்தமான மனச்சோர்வு மருந்து. நரம்பு எரிச்சலையும் அடக்கும் என்பதால் அதில் சேர்த்திருக்கிறார்கள். முட்டிவலி மாத்திரையில் இருப்பது டிராமடால். அதுவும் செரோட்டோனினை ஏற்றிவிடும். இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். அதற்கும் அதே குணம். மனசுக்கு மாத்திரை ஒன்றே ஒன்றுதான் சாப்பிடுகிறோம் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். செரோட்டோனின் என்ற ஒரே கதவை அவர் உடம்பில் நான்கு கைகள் தள்ளுகின்றன.

இப்படிச் சாப்பிடுகிற பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயமுறுத்துவதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் சிலருக்கு ஆகிறது. ஆகும்போது, என்ன ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

காய்ச்சல் மாதிரி, காய்ச்சல் இல்லை

செரோட்டோனின் என்றதும் ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று எழுதிவிடுகிறோம். அதில் பாதிதான் உண்மை. உடம்பிலிருக்கும் செரோட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில் இருக்கிறது. ரத்தத் தட்டணுக்களிலும் இருக்கிறது. மூளையில் இருப்பது மிச்சம் கொஞ்சம். 1948-ல் அமெரிக்காவில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்ற மூவர் அதை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தபோது அவர்கள் தேடியது ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளைத்தான். அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். மனசுக்கும் அதற்கும் உறவிருக்கிறது என்பது பிறகுதான் தெரிய வந்தது.

உடம்பு முழுக்கப் பரவியிருக்கும் ஒரு பொருள் அளவு மீறினால் உடம்பு முழுக்கவே காட்டும். முதலில் கை நடுங்கும். வியர்த்துக் கொட்டும். வயிறு புரண்டு பேதி போகும். நெஞ்சு படபடக்கும். கண்மணி விரியும். ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பு வரும். இன்னும் முற்றினால் குழம்பிய பேச்சு, விறைக்கும் கால்கள், ஏறிக்கொண்டே போகும் சூடு. இதற்குச் செரோட்டோனின் சிண்ட்ரோம் என்று பெயர். பெரும்பாலும் புது மருந்து சேர்த்தோ அளவைக் கூட்டியோ 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். பலருக்கு ஆறு மணி நேரத்துக்குள்ளேயே.

மழைக்காலத்தில் நம் ஊரில் ஒருவருக்கு உடம்பு சுட்டு, வயிற்றோட்டமும் உளறலும் வந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? டெங்கு, டைபாய்டு, விஷக்காய்ச்சல். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் என்று தெரிந்திருந்தால் இன்னும் மோசம். நோய்தான் முற்றிவிட்டது என்று முடிவு கட்டி, அதே மாத்திரையில் இன்னொன்றைக் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சல் மாத்திரை கொடுத்தும் சூடு இறங்காது. கிருமியோடு போராடும்போது மூளை உடம்பைச் சூடாக்குவது ஒரு வகை. இது அப்படியில்லை. தசைகள் ஓயாமல் துடிப்பதால் எழும் சூடு. தசையை அமைதிப்படுத்தினால்தான் தணியும்.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. அவசரப் பிரிவில் இருப்பவரின் கையும் கண்ணும் போதும். பாதத்தைச் சட்டென மேல்நோக்கி மடக்கி அப்படியே பிடித்திருந்தால் அது துடித்துக்கொண்டே இருக்கும். முட்டியில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் கால் துள்ளும். கையைவிடக் காலில்தான் இது கூடுதலாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகர மருத்துவர்கள் 2003-ல் வெளியிட்ட ஹண்டர் விதிகள் இந்தத் துடிப்பைத்தான் முதல் சாட்சியாக வைத்தன. அரை நிமிட வேலை. ஆனால் பாதத்தை மடக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: என்னென்ன மாத்திரை சாப்பிட்டார்?

மருந்தை நிறுத்தி, நீரேற்றி, தசை தளர ஊசி போட்டுக் கவனித்தால் லேசான பாதிப்புகள் ஒரு நாளிலேயே அடங்கிவிடும். மாற்று மருந்தாக வைத்தியர்கள் தேடும் சைப்ரோஹெப்டடின் நமக்குப் புதியதல்ல. ‘பிள்ளைக்குப் பசியே எடுக்கல’ என்று போனால் எழுதித் தருவார்களே, அந்தப் பசி சிரப்பில் இருப்பது அதுதான். செரோட்டோனின் உட்காரும் இடங்களில் தான் போய் உட்கார்ந்துகொண்டு அதைத் தடுக்கும். மோதலை உண்டாக்கும் மருந்தும் மோதலைத் தணிக்கும் மருந்தும் பெரும்பாலும் ஒரே கடையின் அலமாரியில் நிற்கின்றன.

காசநோய் வார்டிலிருந்து

மனச்சோர்வு மாத்திரைகளின் கதை தொடங்கிய இடம் காசநோய் ஆஸ்பத்திரி. 1952-ல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற புது மருந்தைக் கொடுத்தார்கள். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், பசித்துச் சாப்பிட்டார்கள், வார்டில் ஆடினார்கள். நுரையீரலைவிட மனசு முன்னதாகத் தேறியது. அந்த மருந்து செரோட்டோனின் போன்ற பொருள்களைச் சிதைக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது என்பது தெரிந்ததும், 1957-ல் அது மனச்சோர்வு மருந்தாகவே அறிமுகமானது. அந்த நொதியின் பெயரைச் சுருக்கி எம்.ஏ.ஓ. தடுப்பிகள் என்று இந்த வகையை அழைத்தார்கள்.

இந்த வகை மருந்தைச் சாப்பிட்ட சிலருக்கு மண்டை பிளக்கும் தலைவலி வந்தது. ரத்த அழுத்தம் எகிறியது, சிலர் மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார்கள். காரணம் புரியவில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ரோ என்றொரு ஆஸ்பத்திரி மருந்தாளுநர் இருந்தார். அவர் மனைவியும் அதே வகை மாத்திரை சாப்பிட்டு வந்தவர். சீஸ் சாப்பிட்ட நாட்களில்தான் அவருக்குத் தலைவலி வருகிறது என்பதை ரோ கவனித்தார். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் பயிற்சியிலிருந்த பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். முதலில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு பிளாக்வெல் நோயாளிகள் சாப்பிட்டதைத் துருவித் துருவி விசாரித்தபோது சீஸ் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. புளித்துப் பழுத்த சீஸில் இருக்கும் டைரமீன் என்ற பொருளைச் சிதைக்க வேண்டிய நொதியை மருந்து முடக்கிவிட்டிருந்தது. 1963-ல் அது வெளியானது. ஒரே வீட்டில் மாத்திரையையும் பார்த்து, தட்டையும் பார்த்த ஒருவர் இருந்ததால் பிடிபட்ட உண்மை அது.

அப்படி ஒருவர் அமையாமல் போன இரவும் உண்டு. 1984 மார்ச் 4. லிபி சயன், 18 வயதுக் கல்லூரி மாணவி. காய்ச்சலும் உடல் உதறலுமாக நியூயார்க் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் ஃபெனல்சின் என்ற எம்.ஏ.ஓ. தடுப்பியைச் சாப்பிட்டு வந்தவர். நடுக்கத்தைத் தணிக்க இரவில் பெதிடின் ஊசி போட்டார்கள். ஃபெனல்சினும் பெதிடினும் சேரவே கூடாத ஜோடி. அந்தப் பெண்ணின் பரபரப்பு கூடியது. கட்டிலோடு கட்டினார்கள். உடல் சூடு 107 டிகிரியைத் தொட்டது. காலையில் இதயம் நின்றது. எதனால் இறந்தார் என்பதில் நீதிமன்றத்தில் வாதம் பல வருடம் நடந்தது. மருந்து மோதலே காரணம் என்று கருதும் வல்லுநர்கள் இன்றும் உண்டு. பத்திரிகையாளரும் வழக்கறிஞருமான தந்தை சிட்னி சயன் ஓயவில்லை. தூக்கமில்லாமல் பல வார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி மருத்துவர்களிடம் மகளை விட்டார்கள் என்று அவர் எழுப்பிய கேள்வியால், 1989-ல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 80 மணி என்று வரையறுத்தது.

பழைய எம்.ஏ.ஓ. தடுப்பிகள் இன்று நம் ஊரில் அபூர்வம். அதனால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். லினசோலிட் என்றோர் ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. அதற்கும் அந்த நொதியை லேசாகத் தடுக்கும் குணம் உண்டு. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு லினசோலிட் கொடுக்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் அறிவித்தது. இந்தியாவில் மருந்துக்கு மடங்காத காசநோய்க்கு 2024 செப்டம்பரில் சுகாதார அமைச்சகம் ஒப்புதல் தந்த ஆறு மாத நான்கு மருந்துச் சிகிச்சையில் லினசோலிட்டும் ஒன்று. காசநோயோடு மாதக்கணக்கில் போராடுகிறவருக்கு மனச்சோர்வு வராமலிருந்தால்தான் ஆச்சரியம். எழுபது வருடத்துக்கு முன் மனச்சோர்வு மருந்து பிறந்தது காசநோய் வார்டில். இன்று இரண்டும் மறுபடி அதே வார்டில் சந்திக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் இந்த ஒரு ஜோடியையாவது மனசில் வைத்திருக்க வேண்டும்.

சேர்த்துக் கொடுப்பது தப்பா?

இல்லை. ஒரு மாத்திரைக்குச் சரியாகாதவர்களுக்கு மனநல மருத்துவர்கள் இரண்டைச் சேர்த்துக் கொடுப்பது தெரிந்தே செய்யும் வைத்தியம். அதில் எவ்வளவு பலன் என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவில் 665 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான கோ-மெட் ஆய்வில், ஆரம்பத்திலேயே இரண்டு மாத்திரை கொடுத்தவர்கள் ஒன்று சாப்பிட்டவர்களைவிடக் கூடுதலாகக் குணமாகவில்லை. பிரிட்டனில் 480 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையோடு மிர்ட்டசபின் சேர்த்துப் பார்த்தது. குறிப்பிடத்தக்க பலன் இல்லை, பக்க விளைவு கூடியது. ஆனால் 39 ஆய்வுகளைச் சேர்த்து 2022-ல் வந்த அலசல், சில ஜோடிகள் உண்மையிலேயே உதவுகின்றன என்றது. மிர்ட்டசபினும் அந்தப் பட்டியலில் வருகிறது. அதனால் இரண்டு மாத்திரை எழுதினாலே டாக்டரைச் சந்தேகிப்பது அநியாயம். தெரிந்து சேர்ப்பவர் அளவை மெல்ல ஏற்றுவார், வரச் சொல்லிப் பார்ப்பார். யாரும் சேர்க்காமலே சேர்ந்துவிடும் ஜோடிகள்தான் என் கவலை.

செரோட்டோனின் பெருக்கம் ஒன்றுதான் ஆபத்து என்றும் இல்லை. ஃபுளுஆக்சடினோ பாராக்சடினோ சாப்பிடுகிறவருக்குத் தலைவலிக்காக அமிட்ரிப்டிலின் கொடுத்தால், ஈரலில் அதைச் சிதைக்கும் வழி அடைபட்டுப் போகும். எழுதியது பத்து மில்லிகிராம், உடம்பில் சேர்வது அதைப் போல் பல மடங்கு. வாய் உலரும், மலம் இறுகும், முதியவர்களுக்குச் சிறுநீர் அடைபடும், எழுந்து நின்றால் தலை சுற்றி விழுவார்கள், இதயத் துடிப்பின் தாளம் கெடும். ஃபுளுஆக்சடினை நிறுத்திவிட்டோமே என்று நிம்மதியடையவும் முடியாது. அதன் மிச்சம் வாரக்கணக்கில் உடம்பில் கிடக்கும். அதனால்தான் அதை நிறுத்திய பிறகு எம்.ஏ.ஓ. தடுப்பி தொடங்க ஐந்து வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்த மாத்திரைகளோடு சில வகை வலி மாத்திரைகள் தினமும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்புக் கூடுகிறது. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து, ‘தாத்தாவுக்கு மறதி வந்துவிட்டது’ என்று வீடு தப்பாகப் புரிந்துகொள்கிறது.

நம் நாட்டுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது: கூட்டு மாத்திரை. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து. எஸ்சிட்டலோபிராமும் குளோனசபாமும் சேர்ந்தது, அமிட்ரிப்டிலினும் குளோர்டயாசெபாக்சைடும் சேர்ந்தது, நார்டிரிப்டிலின் கலந்த நரம்பு மாத்திரை. கடையில் கேட்டால் ‘டென்ஷன் மாத்திரை’, ‘தூக்க மாத்திரை’, ‘நரம்பு மாத்திரை’. உள்ளே இருப்பதன் பெயர் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். மருந்து ஒன்றே என்றாலும் கம்பெனிக்கொரு பெயர். இரண்டு டாக்டர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயரில் எழுதி, நோயாளி இரண்டையும் விழுங்குவது நடக்கக்கூடியதுதான். இந்தியச் சந்தையின் கூட்டு மருந்துகளை 2015-ல் அலசிய ஓர் ஆய்வு, மனநலக் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு மத்திய கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பதிவே இல்லை என்று கண்டது.

இதில் ஒன்று நாடாளுமன்றம் வரை போனது. ஃபுளுபெந்திக்சால், மெலிட்ரசென் இரண்டும் சேர்ந்த டீன்க்ஸிட். முன்னது அரை மில்லிகிராம், மனச்சிதைவு மருந்து. பின்னது பத்து மில்லிகிராம், மனச்சோர்வு மருந்து. டென்மார்க் நிறுவனத்தின் தயாரிப்பு. டென்மார்க்கிலேயே அனுமதி இல்லாத இந்த மாத்திரை இங்கே எப்படி விற்பனைக்கு வந்தது என்று சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2012 மே மாதத்து 59-வது அறிக்கையில் கேட்டது. 2013 ஜூனில் மத்திய அரசு தடை விதித்தது. 2014 ஜூலையில் தடை அறிவிக்கை மறுபடி வந்தது. அதற்கு முன் எத்தனையோ பேர் அதைச் சாதாரண டென்ஷன் மாத்திரையாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் மனநல மருத்துவரிடம் போனபோது, ‘ஏற்கெனவே ஒரு மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறேன்’ என்று சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஜம்பு சவாரி போகும் வழி

தசராவின் யானை ஊர்வலமான ஜம்பு சவாரி அரண்மனையிலிருந்து கிளம்பி, இதே சயாஜி ராவ் சாலை வழியாக, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடந்து பன்னிமண்டபம் போய்ச் சேரும். அந்தப் பன்னிமண்டபப் பகுதியில்தான் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி இருக்கிறது. 1996-97-ல் மைசூருவிலும் நம் ஊட்டியிலும் உள்ள ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் இந்தியாவுக்குப் புதிதான ஒரு முதுநிலைப் படிப்பைத் தொடங்கின. அதுவரை மருந்தியல் படித்தவர் போய்ச் சேரும் இடம் மருந்து கம்பெனி, இல்லையென்றால் கடை. இந்தப் படிப்பு அவர்களை வார்டுக்கு அழைத்துப் போனது. டாக்டர் ரவுண்ட்ஸ் போகும்போது கூடவே போய், கட்டில் ஓரம் தொங்கும் மருந்துப் பட்டியலை வாசித்து, இது அதோடு மோதும், இந்த அளவு இவர் சிறுநீரகத்துக்குக் கூடுதல் என்று எடுத்துச் சொல்கிற வேலை. ஜி. பார்த்தசாரதி முதலியோர் இதற்கென்று எழுதிய பாடநூல் நாடெங்கும் படிக்கப்படுகிறது. 2008-ல் வந்த ஃபார்ம்-டி படிப்பு அதே பாதையின் அடுத்த கட்டம்.

மருந்து மோதலைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கற்றுக்கொடுக்க இந்த நாட்டில் முதலில் துணிந்த ஊர்களில் ஒன்று மைசூரு. எனக்கு அதில் பெருமை. கூடவே வருத்தமும். அந்த அறிவு வார்டுக்குப் போனது, பன்னாட்டுக் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டுக்கும் போனது. ஜம்பு சவாரி வழியில் திரும்பி நடந்து கடை கவுன்டருக்கு இன்னும் வந்து சேரவில்லை. மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும், மருந்து மோதல்களைப் பார்க்க வேண்டும் என்று 2015-ன் மருந்தாளுநர் நடைமுறை விதிகள் சொல்கின்றன. ஆனால் பல கடைகளில் சான்றிதழ் ஒருவருடையது, சுவரில் தொங்கும். மாத்திரையை எண்ணி வெட்டித் தருவது இன்னொரு கை. முன்னால் பத்துப் பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, ‘வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?’ என்று கேட்க யாருக்கு நேரமிருக்கிறது? அந்த ஒரு கேள்விக்கு ஊதியமும் கிடையாது. மாத்திரை விற்றால்தான் வருமானம்.

எழுதிய டாக்டர்களில் யாருக்கும் முழுப் பட்டியல் தெரியாது. எல்லா மருந்தும் ஒரே இடத்துக்கு வருவது பெரும்பாலும் அந்தக் கவுன்டருக்குத்தான். அந்த இடத்தில் படித்த ஒருவரை உட்கார வைத்து, கேள்வி கேட்பதற்கும் சேர்த்துச் சம்பளம் கொடுப்பதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை.

பையோடு போங்கள்

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இந்தக் கட்டுரையால் அப்படி ஒன்று நடந்தால் நான் எழுதியதே வீண். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென விட்டால் தலைசுற்றல், குமட்டல், மின்சாரம் பாய்ந்ததுபோல் தலைக்குள் அதிர்வு, தூக்கமின்மை எல்லாம் வரலாம். பழைய நோயும் திரும்பலாம். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வைக் கண்டிருக்கிறார். அவர்களில் சிகிச்சைக்கு வராதவர்களே மிகப் பெரும்பாலோர். இந்த நாட்டில் இன்றுவரை மாத்திரை சாப்பிட்டுக் கெட்டவர்களைவிட, சாப்பிடாமல் கெட்டவர்களே அதிகம்.

செய்யக்கூடியது எளிது. வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சிரப்பு, லேகியம், சூரணம் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு எந்த டாக்டரிடம் போனாலும் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். ‘மனசுக்கு மாத்திரை சாப்பிடறேன்’ என்று எலும்பு டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் சொல்வதில் வெட்கமே வேண்டாம். பலர் மறைப்பது இந்த ஒன்றைத்தான். சர்க்கரை மாத்திரையை யாரும் மறைப்பதில்லை. மாமியாருக்குத் தெரியக் கூடாது, மருமகளுக்குத் தெரியக் கூடாது என்று அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் மாத்திரையை அவசரத்தில் யார் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுவார்கள்?

மருந்தால் ஒரு பாதிப்பு வந்ததென்று தோன்றினால் நோயாளியே அதைப் பதிவு செய்யலாம். 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024. மனசு பாரமாக இருக்கும் வேளையில் பேச டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.

புது மாத்திரை தொடங்கியோ அளவு கூட்டியோ ஓரிரு நாளுக்குள் கை நடுங்கி, வியர்த்து, பேதியாகி, கால் தானாகத் துடித்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். என்ன மாத்திரை, என்றைக்குத் தொடங்கினீர்கள், என்றைக்குக் கூட்டினீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பையைக் கையிலேயே வைத்திருங்கள்.